ஏழு கொப்பிகளும் ஒரு தட்டு அவலும்

வெஸ்ட்லி, ஒஸ்லோ
26.10.2025

அன்புள்ள தங்கச்சி உதயாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அத்தான் எப்படி என்று நீ கேட்டால் அதற்கு ஒரு சொல்லில் பதில் இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம். உன் வீட்டுக்காரர் வரதராசாவின் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று மகள் துஷ்யா பேர்கனிலிருந்து எடுத்துச் சொன்னாள். சந்தோஷம். அவரை நடக்கச் சொல். கதிரையில் இருத்தி வைத்துச் சோறு கொடுக்காதே.

தொலைபேசியில் சொல்லலாமே என்று நினைப்பாய். எங்கள் வீடு உனக்குத் தெரியும். குசினியில் மிளகாய் வறுத்தால் படுக்கையறையில் தும்மல் கேட்கும். ஓய்வு பெற்ற பிறகு அத்தான் நாள் முழுக்க வீட்டில்தான். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் என் விரல் ஓர் எழுத்தைத் தொட மூன்று எழுத்து வருகிறது. தவிர, இதோடு வரும் ஒன்றை நீ கையில் கொண்டுபோய் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். அதற்குக் காகிதம்தான் சரி. நாளைக்கு அவர் நடக்கப் போகும் நேரம் பார்த்து, கடைக்குள் இருக்கும் தபால் மேசையில் பதிவுத் தபாலாகக் கொடுத்துவிடுவேன்.

காரியத்தை முதலில் சொல்கிறேன். நவம்பர் 22ஆம் தேதி, உங்கள் நியூசிலாந்தில், கிஸ்போர்னுக்கு அப்பால், தாமாத்தியின் குடும்பத்தார் தங்கள் ஊர்க் கூட்ட வீட்டில் கூடுகிறார்கள். அத்தானின் ஏழு கொப்பிகளை ஏற்பதா, வேண்டாம் என்று விடுவதா என்று அன்று முடிவெடுப்பார்கள். நீ அங்கே போக வேண்டும். ஒக்லாந்திலிருந்து காரில் ஏழு மணித்தியாலம் என்று தெரியும். தெரிந்தும் கேட்கிறேன். அங்கே யாராவது ஏதாவது கேட்டால் நீ முழிக்கக்கூடாது, அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன். பொறுமையாக வாசி.

அத்தான் கப்பலில் வேலை செய்த காலம் உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது பள்ளிக்கூடம். 1982இல் அவர்களுடைய சரக்குக் கப்பலின் இயந்திரம் பழுதாகிக் கிஸ்போர்னில் ஏழு மாதம் கிடந்தது. இவருக்கு இருபத்து நான்கு வயது. துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கிய தாமாத்தி என்ற மாவோரிக் கிழவர், கப்பலில் சும்மா குந்தியிருந்த இவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். முதல் கிழமை வேலி அடைக்க உதவி. பிறகு மீன் பிடிக்க. அதற்குப் பிறகுதான் பெயர்கள். தன் முன்னோரின் பெயர்களை, யார் யாருக்குப் பிறந்தார்கள், எந்தத் தோணியில் வந்தார்கள், எந்த ஆற்றங்கரையில் யார் விழுந்தார்கள் என்று அந்த மனிதர் வரிசையாகச் சொல்லச் சொல்ல, இவர் ஏழு கொப்பிகளில் தமிழில் எழுதினார். வேகமாக எழுத இவருக்கு வேறு எழுத்துத் தெரியாது. "என்ரை பெடியள் கேக்கினமில்லை, நீ கேக்கிறாய், எழுது" என்று கிழவர் சொன்னாராம். கிழவரின் பிள்ளைகள் அப்போது நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், அவர்களுக்கு இதில் நாட்டம் இல்லை. இவரிடம் இரண்டு வாக்கு வாங்கிக்கொண்டார். நகல் எடுக்கக்கூடாது. தன் இரத்தத்தில் ஒருவர் நேரில் வந்து கேட்டால் கொடுக்க வேண்டும்.

அந்த ஏழு கொப்பிகள்தான் அத்தானை ஆராய்ச்சிக்காரர் ஆக்கின. நோர்வேக்கு வந்து வடக்கே மீன் வெட்டினார், ஒஸ்லோவில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்றார், பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தொரு வருடம் வக்மெஸ்டராக, கட்டடம் பார்க்கிற வேலையாளாக, மின்குமிழ் மாற்றினார், பனி தள்ளினார். மிச்ச நேரமெல்லாம் மாவோரி. புத்தகம் பார்த்து அந்த மொழி படித்தார். அவர்களுடைய வானொலியைக் கணினியில் கேட்டார். வலை பின்னுவது, வள்ளிக்கிழங்கு நடுவது, செத்தவீட்டில் யார் எங்கே இருப்பது, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கோப்பு. பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதுவார். அவர்கள் மரியாதையாகப் பதில் போடுவார்கள், அதில் எங்காவது 'அமத்தோர்' என்ற சொல் இருக்கும். பட்டம் இல்லாமல் ஆசைக்குச் செய்கிறவர் என்று அர்த்தம். எனக்குக் கோபம் வரும். அவர் சிரித்துக்கொண்டு, நான் அதுதானே என்பார்.

நான் பொறுமையாக இருந்தேன் என்று சொன்னால் நீயே சிரிப்பாய். நம்முடைய அம்மா வழியில் மூன்றாம் தலைமுறை யார் என்று கேட்டால் அத்தானுக்குத் தெரியாது. தாமாத்தியின் வழியில் இருபத்து மூன்று தலைமுறையை மூச்சு விடாமல் சொல்லுவார். துஷ்யாவின் சாமத்தியச் சடங்கன்று மண்டபத்தில் ஐயரைப் பிடித்து வைத்து, மாவோரிகள் பிள்ளையின் கொப்பூழ்க்கொடியை எங்கே புதைப்பார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்த மனிதர் இவர். 2011இல் உன் வீட்டில் மூன்று கிழமை நின்றபோதும் பதினெட்டு நாள் வெளியே அலைந்தது உனக்கே தெரியும். அப்போது தாமாத்தியின் வீடு பூட்டிக் கிடந்தது. கிழவர் எப்போதோ போய்விட்டார். பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில் என்றார்கள். கொப்பிகளைப் பையோடு திருப்பிக் கொண்டுவந்தார்.

2019இல் ஸ்தோவ்னர் நூலகத்தில் இவரைப் பேச விட்டார்கள். ஒன்பது பேர் வந்தார்கள், அதில் நாலு பேர் நான் கொண்டுபோன வடைக்காக வந்த நம்முடைய ஆட்கள். ஆனால் அந்தக் கூட்டத்து அறிவித்தலில் தாமாத்தியின் முழுப்பெயர் இருந்தது. அது இணையத்தில் அப்படியே கிடந்து, போன வருடம் கிழவரின் பேத்தி கண்ணில் பட்டது. பெயர் ஙாஹுயா. அரிவரியில் படித்த 'ங'வுக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறாள் என்று நான் பகிடி பண்ணினேன். அந்தப் பிள்ளை ஆசிரியை, நாற்பது வயது இருக்கும். அவள் எழுதியதை அத்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். தாத்தா பெயர்களை எழுதி வைத்திருந்த சொந்தப் புத்தகத்தை அவர் விருப்பப்படி அவரோடேயே புதைத்துவிட்டார்களாம். மகன்மார் இருவரும் இப்போது இல்லை. பூட்டனுக்கு மேலே ஒரு பெயரும் தங்களுக்குத் தெரியாது, உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். அத்தான் வாசித்து முடித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

இவருடைய இதயத்துக்கு நீண்ட விமானப் பயணம் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதனால் ஙாஹுயா தன் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒக்டோபர் முதலாம் தேதி வருவதாக ஏற்பாடு. பத்து நாள் நிற்பார்கள். இவர் ஒவ்வொரு பெயராக வாசிப்பார், அவள் தன் கையால் எழுதுவாள், கடைசி நாள் கொப்பிகளோடு போவாள்.

உதயா, இந்த வருடம் ஒக்டோபர் முதலாம் தேதி சரஸ்வதி பூசை.

அத்தான் அவர்களைக் கூட்டிவர விமான நிலையம் போய்விட்டார். கொப்பிகளை வெள்ளைத் துணியில் சுற்றி, மரப்பெட்டியில், முன்னறை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் காலையிலேயே குளித்து, சர்க்கரைப் பொங்கல், மோதகம், வடை, அவல், கடலை எல்லாம் செய்து முடித்திருந்தேன். துஷ்யாவின் பழைய புத்தகங்களை எடுத்துச் சாமித்தட்டில் வைக்கும்போது அந்தப் பெட்டியைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று வருடம் இவர் கையை விட்டு இறங்காத கொப்பிகள். ஒரு வருடமாவது நான் அவற்றைப் பூசைக்கு வைத்தேனா? இல்லை. எரிச்சலோடு தூசு தட்டியதுதான். இன்றைக்கு வீட்டை விட்டுப் போகப் போகின்றன, மரியாதையாகப் போகட்டும் என்று நினைத்தேன். மனசாரத்தான் செய்தேன், உதயா. ஒவ்வொரு கொப்பிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன், செவ்வந்திப்பூ வைத்தேன். சாமித்தட்டில் இடம் போதவில்லை. ஏழையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அவல் தட்டை அவற்றின் மேலேயே வைத்தேன். பொங்கலைப் பக்கத்தில் இலையில் படைத்தேன். கற்பூரம் காட்டிக் கும்பிட்டேன்.

அவர்கள் மூவரும் கதவைத் திறந்து வந்தபோது நான் சேலை கட்டி, பெருமையோடு நின்றேன். அத்தான்தான் முதலில் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது. பெரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள்.

நமக்கு எது பெரிய மரியாதையோ அது அவர்களுக்குப் பெரிய அவமரியாதை. முன்னோரின் பெயருக்குப் பக்கத்தில் சமைத்த சாப்பாடு வரக்கூடாது. சாப்பாடு பட்டால் அந்தப் பெயர்களின் புனிதம் இறங்கிவிடும் என்பது அவர்கள் முறை. நான் சாப்பாட்டைத் தூக்கி அந்தப் பெயர்களின் தலையிலேயே வைத்திருந்தேன். மேலே இருந்த கொப்பியின் மட்டையில் நெய் ஊறியிருந்தது.

அத்தான் தட்டை எடுத்தார். பெரியம்மாவின் முன்னால் போய் நின்று, அவர்கள் மொழியில் தொடங்கி, வராமல், ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். இது என் மனைவியின் பிழை இல்லை, என் பிழை, இந்த முறையை நான் அவளுக்கு ஒருநாளும் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியாது என்றார். நான் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அவர்கள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பெரியம்மா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கேட்டு வாங்கி, கண்ணை மூடி நெடுநேரம் ஏதோ சொல்லி, கொப்பிகள் மீதும் அறை முழுவதும் தெளித்தார். பிறகு குசினிக்கு வந்து என் பக்கத்தில் இருந்து மூன்று வடை சாப்பிட்டார். சாப்பாடு சாப்பாட்டு இடத்தில் இருந்தால் ஒரு குறையும் இல்லை என்று என் கையைத் தட்டிச் சொன்னார். ஆனால் கொப்பிகளை அவர்கள் தொடவில்லை. ஊரில் கேட்காமல் தாங்கள் எடுக்க முடியாது என்றார்கள். பத்து நாளுக்கு வந்தவர்கள் மூன்றாம் நாள் போனார்கள். அத்தான் ஒரு பெயர்கூட வாசிக்கவில்லை.

பதினேழாம் தேதி ஙாஹுயாவின் மின்னஞ்சல் வந்தது. நல்ல பிள்ளை, தன்மையாகத்தான் எழுதியிருந்தாள். சாப்பாடு பட்டதுகூடப் பெரியவர்களுக்கு இப்போது பிரச்சினை இல்லையாம், அதற்குச் செய்ய வேண்டியதைப் பெரியம்மா செய்துவிட்டாராம். அவர்களுடைய கேள்வி வேறு. இத்தனை வருடம் எங்கள் பெயர்களை வைத்திருந்த மனிதர் தன் வீட்டு மனிசிக்கே முறையைச் சொல்லி வைக்கவில்லை என்றால், எங்கள் பாட்டன் சொன்னதை மட்டும் கவனமாகக் கேட்டு எழுதினார் என்று எப்படி நம்புவது? பிழையான பெயர்களைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைவிடப் பெயர் இல்லாமல் இருப்பது மேல் என்று சிலர் சொல்கிறார்களாம். அதைத்தான் 22ஆம் தேதி பேசப்போகிறார்கள்.

அத்தான் அதை வாசித்துவிட்டு, நியாயமான கேள்விதான் என்றார். கணினியை மூடினார். அன்று மூடியது இன்னும் திறக்கவில்லை. வானொலியும் இல்லை. என்னோடு கோபமா என்றால் அதுவும் இல்லை. மிகவும் மரியாதையாக இருக்கிறார். சாப்பிட்டு எழும்பும்போது வெள்ளைக்காரரின் வீட்டுக்கு விருந்துக்குப் போனவர் மாதிரி, சாப்பாட்டுக்கு நன்றி என்று நோர்வேஜிய மொழியில் சொல்கிறார். முப்பத்தாறு வருடத்தில் என் சமையலுக்கு அவர் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை, 'உப்புக் கூடிப்போச்சு' என்றுதான் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த 'உப்புக் கூடிப்போச்சு' என்ற சொல் வேண்டும்.

இன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தோம். இனி மூன்றரை மணிக்கே வெளிச்சம் போகத் தொடங்கிவிடும். இவர் யன்னலடியில் இருந்து கீழே வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சரி, நான் இதுவரை எழுதாததை எழுதுகிறேன்.

அவர் சொன்னவர், உதயா. எனக்குச் சொன்னவர்.

1994. அம்மருட்டில் இருந்தோம், துஷ்யாவுக்கு மூன்று வயது. நான் சுடச்சுட ரொட்டித் தட்டைக் கொண்டுவந்து மேசையில் இருந்த கொப்பிகளுக்கு மேல் வைத்தேன். அவர் ஏசவில்லை. தட்டை எடுத்துக் குசினியில் வைத்துவிட்டு வந்து, என்னை இருக்கச் சொல்லி, அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். நான் பிள்ளைக்குத் தலை இழுத்துக்கொண்டு ஓம் ஓம் என்றேன். என் ஓம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, குசினி அலுமாரிக் கதவில் ஒட்டினார். இரண்டு மாதம் அது அங்கே இருந்தது. பிறகு நான் கழற்றிவிட்டேன். முப்பத்தொரு வருடம் ஆகிவிட்டது, மறந்துபோனேன் என்று உன்னிடம் சொல்லலாம். பாதி உண்மை. மற்றப் பாதி என்னவென்றால், நான் அன்றைக்கே கேட்கவில்லை. எவனோ ஒரு கிழவனின் விசர்க் கதைக்கு என் வீட்டில் சட்டமா என்று நினைத்தேன்.

அன்று அவர் பெரியம்மாவிடம், சொல்லவில்லை என்றபோது எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. குழாயை மூடிவிட்டு வெளியே வந்து, இல்லை, சொன்னவர் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பெரியம்மா என்னைப் பார்த்திருக்கும் பார்வைக்குப் பயம்.

மின்னஞ்சல் வந்த பிறகு அவரிடம் கேட்டேன். உண்மையை எழுதிப் போடுங்கோ என்றேன். "நான் சொன்னது சொன்னதுதான். இனி உம்மைக் கொண்டுபோய் அவையளுக்கு முன்னாலை நிப்பாட்டேலாது, விடும்" என்றார். தாமாத்தி ஓர் இடத்தில் இருமினார் என்றால் அதையும் அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்த மனிதர் இவர். கேட்காததை எழுதமாட்டார், கேட்டதை விடமாட்டார். அப்படிப்பட்டவர் எனக்காக அவர்களுக்கு முன்னால் பொய் சொல்லி, அந்தப் பொய்யால் தன் வேலை முழுவதையும் கெடுத்துக்கொண்டு இருக்கிறார்.

முந்தநாள் தூள் வறுப்பதற்கு அளவு பார்க்க என் பழைய சமையல் கொப்பியை எடுத்தேன். அந்தத் தாள் அதற்குள் இருந்தது. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். முன்பக்கம் அத்தானின் கையெழுத்து, 14.3.1994 என்று தேதி. "மங்களாவுக்கு: இந்தக் கொப்பிகளில் தாமாத்தியின் ஆட்கள் இருக்கிறார்கள். இவற்றின் மேல், கீழ், பக்கத்தில் சாப்பாடு வைக்க வேண்டாம். தேத்தண்ணிக் கோப்பையும் வேண்டாம். கை கழுவித் தொடவும்." பின்பக்கம் என் எழுத்து: செத்தல் மிளகாய் ஒரு கிலோ, மல்லி ஒன்றரை, பெருஞ்சீரகம் கால். எண்ணெய்க் கறையும் இருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வெட்டிவிடாமல் முழுத்தாளாக அனுப்புகிறேன். அவர்கள் இரண்டு பக்கத்தையும் பார்க்கட்டும். இதில் அவர்களுடைய முன்னோரின் பெயர் ஒன்றும் இல்லை, நன்றாகப் பார்த்துவிட்டேன். கிழவரின் பெயர் மட்டும் இருக்கிறது. அதற்காகத் துணியில் சுற்றிக் கொண்டுபோ. அவர்களுக்குப் பலகாரம் கொண்டுபோகலாம், சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள், ஆனால் அதையும் இந்தத் தாளையும் ஒரே பைக்குள் வைத்துவிடாதே. நீயும் என் தங்கச்சிதான், அதனால் சொல்கிறேன்.

அங்கே எழும்பி நின்று கதைக்க வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் சொல். என் அக்கா மங்களேஸ்வரிக்குத் தெரியும், அவருக்குச் சொல்லப்பட்டது, அவர்தான் கேட்கவில்லை என்று சொல். தெரியாமல் செய்துவிட்டார் என்று எனக்குப் பரிந்து ஒரு சொல்லும் சேர்க்காதே. என்னை அவர்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை, நான் அந்த ஊருக்குப் போகப்போவதில்லை.

யாராவது, அப்படியானால் அந்த மனிதர் எங்களிடம் பொய் சொன்னவர்தானே, பொய் சொல்கிறவரின் கொப்பியை எப்படி நம்புவது என்று கேட்கலாம். கேட்டால் ஓம் என்று சொல். சொன்னவர், ஒரு பொய். நாற்பத்து மூன்று வருடத்தில் ஒன்று. அதையும் கொப்பியில் எழுதவில்லை, என் தலையில் விழ இருந்ததைத் தன் தலையில் வாங்குவதற்காகச் சொன்னார் என்று சொல்.

முடிவு எதுவானாலும் எனக்கு அறிவிக்க வேண்டாம். ஙாஹுயாவை அத்தானுக்கே நேராக எடுத்துக் கதைக்கச் சொல், அந்தப் பிள்ளை எடுத்தால் அவர் தொலைபேசியைத் தூக்குவார். நான் குசினியில் நின்று கேட்டுக்கொள்வேன்.

நீயும் பிள்ளைகளும் நல்லாயிருக்க வேண்டும். வரதராசாவுக்குக் கால் சரிவர அம்மருட் முருகனுக்கு நேர்ந்திருக்கிறேன். போய்விட்டு வா, உதயா. அக்கா உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

உன் அக்கா,
மங்களேஸ்வரி